சக்கரங்களோடு வாழ்ந்த மெர்லின்

மெர்லின் என்றதும் நம்மில் பலருக்கு ஆர்தர் மன்னன் கதையில் வரும் மந்திரவாதியே நினைவுக்கு வருவான். நாம் சொல்லப் புகுவது அவனைப் பற்றியன்று. இவர் ஜான் ஜோசப் மெர்லின். மந்திரம் அறியாதவர், கடிகாரப் பொறியும் பற்சக்கரமும் அறிந்தவர். சக்கரம் பூட்டிய சறுக்குக் காலணியைச் செய்து அணிந்தோருள் பெயர் தெரிந்த முதல் மனிதர் என்று நூல்கள் இவரையே குறிப்பிடுகின்றன. இவரைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரு கண்ணாடி உடைந்த கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு அப்பால் போய்விடுகின்றனர். அக்கதையை நாமும் சொல்லத்தான் போகிறோம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

1735-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், மியூஸ் ஆற்றங்கரையிலுள்ள ஊயி என்னும் ஊரில் மெர்லின் பிறந்தார். இன்று அவ்வூர் பெல்ஜியத்தில் உள்ளது. அந்நாளில் பெல்ஜியம் என்றொரு நாடே இல்லை; லியேஜ் நகரத்து ஆயரே அப்பகுதிக்கு அரசராகவும் விளங்கினார். நற்கருணைப் பெருவிழாவை 1246-இல் முதன்முதலாக ஏற்படுத்திய மறைமாவட்டம் அதுதான் என்றால் நம் சகோதரியர்க்கு உடனே விளங்கிவிடும். இளைஞரான மெர்லின் 1754-இல் பாரிஸ் சென்று ஆறாண்டுகள் தங்கினார். அங்கிருந்த அறிவியல் கழகத்தாரோடு பழகி, கருவிகள் செய்யும் கலையில் தேர்ச்சி பெற்றார். அவருடைய கைத்திறனைக் கேள்வியுற்ற ஸ்பானியத் தூதுவர் ஃபுவென்டஸ் பிரபு, 1760-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டனுக்குப் பதவியேற்கச் சென்றபோது தம் பரிவாரத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டார். அன்று இலண்டனில் கால் வைத்தவர் வாழ்நாள் முழுவதையும் அந்நகரிலேயே கழித்தார்.

இலண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் என்னும் நகை வணிகர் ஒருவர் இருந்தார். தாமே ஆடிப் பாடும் விலையுயர்ந்த பொறிப் பதுமைகளைச் செய்வித்துக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்புவது அவர் தொழில். அவரிடம் மெர்லின் தலைமைப் பொறியாளராகச் சேர்ந்தார். 1773-இல் அங்கு உருவான வெள்ளி அன்னம் உலகப் புகழ் பெற்றது. உயிருள்ள அன்னத்தின் அளவே அதற்கும். சாவி கொடுத்தால் இசை எழும். முறுக்கிய கண்ணாடிக் குச்சிகள் சுழன்று ஓடும் நீர் போலத் தோன்றும். அன்னம் கழுத்தை இருபுறமும் திருப்பி, சிறகைக் கோதி, பின் குனிந்து ஒரு மீனைக் கவ்வி விழுங்கும். ஒரு நிமிடங்கூட நீடிக்காத காட்சி அது. 1867-இல் பாரிஸ் பொருட்காட்சியில் அதைக் கண்டு வியந்தவர்களுள் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனும் ஒருவர். 1872-இல் போவ்ஸ் தம்பதியர் அதை விலைக்கு வாங்கினர். வட இங்கிலாந்தில் பார்னார்ட் காசிலில் அவர்கள் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தின் தனிப்பெரும் செல்வம் அதுவே.

இனிக் கண்ணாடிக் கதைக்கு வருவோம். சோஹோ சதுக்கத்தில் கார்லைல் மாளிகை என்றொரு பெரிய வீடு இருந்தது. கார்னெலிஸ் அம்மையார் என்பவர் அங்கே மாறுவேட விருந்துகள் நடத்துவார். ஊரிலுள்ள பெரிய மனிதரெல்லாம் வருவர். அவ்விருந்துகளுள் ஒன்றுக்கு மெர்லின் தாம் செய்த சக்கரக் காலணிகளை மாட்டிக்கொண்டு, கையில் வயலினை வாசித்தபடியே உருண்டு வந்தார். வந்தவரால் திரும்ப முடியவில்லை. வேகத்தைக் குறைக்கவும் முடியவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த பெரிய நிலைக்கண்ணாடியில் நேராகச் சென்று மோதினார். 500 பவுனுக்கு மேல் மதிப்புடைய கண்ணாடி அது. கண்ணாடி தூளாயிற்று, வயலின் சிதறிற்று, அவரும் பலத்த காயமுற்றார். இந்நிகழ்ச்சி 1825-இல் தாமஸ் பஸ்பி என்னும் இசைவாணர் வெளியிட்ட நூலில் பதிவாயிற்று. அன்று முதல் மெர்லின் என்றால் கண்ணாடி என்றாகிவிட்டது.

அவர் ஏன் விழுந்தார் என்று கேட்போர் குறைவு. பனிக்கட்டியில் சறுக்குபவரின் காலணியடியில் எஃகு அலகு ஒன்று இருக்கும். அதன் விளிம்பு பனிக்கட்டியைக் கவ்வும். காலைச் சற்றே சாய்த்தால் வளைந்து செல்லும்; குறுக்கே திருப்பி அழுத்தினால் பனியைச் சீவிக்கொண்டு நின்றுவிடும். மெர்லின் அந்த அலகின் இடத்தில் சிறு உலோகச் சக்கரங்களை வைத்தார். உருள்வது என்னவோ அழகாக உருண்டது. ஆனால் மெருகிட்ட மரத்தளத்தை உலோகச் சக்கரம் கவ்வாது, சாய்த்தாலும் வளையாது. நேரே போவதற்கு மட்டும் வழி செய்து, திரும்புவதற்கும் நிற்பதற்கும் வழி செய்யாமல் விட்டதே குறை. வயலினைக் கையில் எடுத்தது அவர் செய்த இரண்டாவது துணிச்சல்!

அவருக்குப் பின் வந்தோர் நூறாண்டுக்கு மேல் இந்தக் குறையோடுதான் போராடினர். 1819-இல் பிரெஞ்சு நாட்டவரான பெத்திப்ளே, சக்கரங்களை ஒரே வரிசையில் அமைத்து உரிமைப் பட்டயம் பெற்றார். அதிலும் திரும்புவது அரிதாகவே இருந்தது. 1823-இல் இலண்டன் பழ வணிகர் ராபர்ட் ஜான் டையர்ஸ் ஐந்து சக்கரங்களை வரிசையாக வைத்து, நடுச் சக்கரத்தைப் பெரிதாக்கினார். இதனால் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு சக்கரங்களே தரையில் படும். உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துத் திரும்பிக்கொள்ளலாம். நல்ல யோசனை என்றே நாம் கருதுகிறோம். 1863-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்டன் வரிசையையே கைவிட்டு, முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாகச் சக்கரங்களை இணைத்து, நடுவே ரப்பர் மெத்தை வைத்தார். காலைச் சாய்த்த பக்கம் காலணி தானே வளைந்தது. உலகம் முழுவதும் அதுவே பரவிற்று. மெர்லினின் ஒற்றை வரிசை மறக்கப்பட்டது.

மறக்கப்பட்டது 1980-இல் திரும்பி வந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஓல்சன் சகோதரர் இருவர் பனி ஹாக்கி ஆடுபவர்கள். பனியில்லாக் கோடைக் காலத்திலும் பயிற்சி செய்ய ஏற்றதாக ஒற்றை வரிசைக் காலணியைத் திருத்தி அமைத்தனர். உலோகம் போய்ப் பாலியூரித்தேன் என்னும் நெகிழ்வான பொருளில் சக்கரம் வந்தது. அது தரையைக் கவ்வும். மெர்லினுக்குக் கிட்டாமற்போன கவ்வல் இதுதான். இக்காலணி கொண்டு ஆடும் ஹாக்கிக்கு 1995-இல் சிகாகோ நகரில் முதல் உலகப் போட்டியும் நடைபெற்றது.

நம் நகரங்களிலும் இப்போது சிறுமியர் பலர் இவ்வாட்டம் பயில்வதால், காலணி வாங்கித் தரும் பெற்றோர்க்காகச் சிறிது சொல்லிவிடுகிறோம். பூட்சின் அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் சட்டம் அலுமினியத்தாலானால் உறுதியாக இருக்கும்; காலின் உந்துதல் வீணாகாமல் சக்கரத்துக்குச் சேரும். பிளாஸ்டிக் சட்டம் விலை மலிவு, ஆனால் அழுத்தினால் நெளியும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் குறைவானால் சட்டென்று திரும்பலாம்; நீளமானால் வேகத்தில் ஆட்டங்காணாது. ஆகவேதான் ஓட்டப் பந்தயக் காலணியின் சட்டம் நீண்டும், ஹாக்கிச் சட்டம் குறுகியும் இருக்கின்றன. நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருப்பது ஒரு முறை. முன்னிரண்டு 76 மில்லிமீட்டரும் பின்னிரண்டு 80 மில்லிமீட்டருமாக வைப்பது இன்னொரு முறை. இதில் உடம்பு இயல்பாகவே முன்சாய்ந்து நிற்பதால் பாய்ந்து புறப்படுவது எளிது. நன்கு ஆடப் பழகியவர்களுக்கு இது சிறந்தது. புதிதாகக் கற்பவளுக்கு ஒரே அளவுச் சக்கரமே போதும் என்பது நம் கருத்து. நடுவிரண்டைச் சற்றே தாழ்த்தி வைப்போரும் உண்டு. டையர்ஸ் கண்ட உபாயந்தான் அது. திரும்புவது விரைவாகும், நிலைப்பு குறையும். கோல் காப்பவர் சிறு சக்கரங்களை நாடுவார். தரைக்கு நெருங்கி நிற்பது அவருக்கு வேண்டியிருக்கிறது.

சக்கரத்தின் மேல் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது கடினத்தின் அளவு. வழவழப்பான உள்ளரங்கத் தளத்துக்கு 74 முதல் 78 வரையுள்ள மென்மையான சக்கரம் நன்கு பற்றும். சிமெண்டுத் தரையிலும் தார்ச் சாலையிலும் அது விரைவில் தேய்ந்துபோகும். அங்கே 82-க்கு மேற்பட்டது வேண்டும். எப்படியும் உள்விளிம்புதான் முதலில் தேயும். அவ்வப்போது கழற்றி, திருப்பி, இடம் மாற்றிப் பூட்டினால் இன்னும் பல நாள் உழைக்கும். மற்றொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஹாக்கிக் காலணியில் குதிகால் பிரேக் இராது. ஒரு காலின் மேல் மறு காலை வைத்துத் திரும்பும்போது அது இடறும் என்பதால் விட்டுவிட்டார்கள். சக்கரங்களைக் குறுக்கே திருப்பி நிற்கும் பயிற்சியைக் குழந்தை பெறும்வரை ஆட்டக் களத்துக்கு அனுப்பாதிருப்பது நலம். தலைக்கவசமும் முழங்கால், முழங்கைக் காப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மெர்லினை விட்டு வெகுதூரம் உருண்டுவிட்டோம், திரும்புவோம்.

கண்ணாடியில் மோதிய மனிதர் வெட்கி ஒடுங்கிவிடவில்லை. இசையில் அவருக்கிருந்த ஈடுபாடு பெரிது. 1774-இல் ஹார்ப்ஸிகார்ட்டையும் பியானோவையும் ஒரே பெட்டியில் இணைத்த இசைக்கருவிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இசை வரலாறு எழுதிய சார்லஸ் பர்னி அவருக்கு நண்பர். அவ்வீட்டு மகள் ஃபேனி தம் நாட்குறிப்பில் மெர்லினின் பேச்சையும் வேடிக்கையையும் எழுதிவைத்திருக்கிறார். புகழ்பெற்ற ஓவியர் கெயின்ஸ்பரோ 1781-இல் அவரது உருவத்தைத் தீட்டினார். 1783-இல் மெர்லின் மணம் புரிந்துகொண்டார். ஹானோவர் சதுக்கத்தருகே தமக்கென ஒரு பொறிக் காட்சிசாலையையும் அமைத்தார். அங்கே தாயோடு வந்த சிறுவன் ஒருவனை மேல்மாடிக்கு அழைத்துச் சென்று, நடனமாடும் சிறு வெள்ளிப் பதுமையைக் காட்டினார். அச்சிறுவன்தான் பின்னாளில் கணிப்பொறிக்கு முன்னோடியாகப் போற்றப்படும் சார்லஸ் பாபேஜ். 1834-இல் அதே பதுமை ஏலத்துக்கு வந்தபோது பாபேஜ் அதை வாங்கி, தம் கையாலேயே பழுது பார்த்து வரவேற்பறையில் வைத்துக்கொண்டார். ஒரு குழந்தைக்குப் பொறுமையோடு காட்டிய அந்தச் சில நிமிடங்களை அவர் மறக்கவே இல்லை.

இவையனைத்திலும் நாம் பெரிதென மதிப்பது வேறு. கைகள் முழுமையாய் வளராமற்பிறந்த ஒருவருக்காக மெர்லின் செயற்கைக் கருவி செய்தார். பார்வையற்றோர் ஆடுவதற்கென்று சீட்டுக்கட்டுச் செய்தார். கீல்வாதத்தால் நடக்க இயலாதவர்களுக்காகச் சக்கர நாற்காலி ஒன்றை உருவாக்கினார். அந்நாளில் நோயாளியின் நாற்காலியை வேலையாள் தள்ள வேண்டும். வேலையாள் வராவிட்டால் சன்னலோரம் போகவும் முடியாது. மெர்லினின் நாற்காலியில் முன்னே இரு பெரிய சக்கரங்களும் பின்னே ஒரு சிறு சக்கரமும் இருந்தன. கைப்பிடிகளின் நுனியில் இரு திருகுகள். அவற்றைச் சுழற்றினால் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் வழியாகப் பெரிய சக்கரங்கள் உருளும். ஒரு கையைக் கூடுதலாகச் சுழற்றினால் நாற்காலி திரும்பும். கையை நிறுத்தினால் நிற்கும். கார்லைல் மாளிகையில் அவர் காலடியில் இல்லாத இரண்டும் இந்த நாற்காலியில் இருந்தன. அதுவும் உட்கார்ந்திருப்பவரின் கையிலேயே இருந்தன.

1803-ஆம் ஆண்டு மே மாதம் பாடிங்டனில் மெர்லின் காலமானார். அப்போது வயது 67. அவரது ஓவியம் இலண்டன் கென்வுட் மாளிகையில் உள்ளது; 1985-இல் அங்கேயே அவர் படைப்புகளுக்கென ஒரு கண்காட்சியும் நடத்தினர். நாற்காலியின் படத்தை 1811-இல் இலண்டன் சஞ்சிகை ஒன்று விளக்கத்தோடு வெளியிட்டது. அதன்பின் யார் செய்து விற்றாலும், நோயாளி தானே செலுத்திக்கொள்ளும் நாற்காலியை மக்கள் நெடுங்காலம் மெர்லின் நாற்காலி என்றே கேட்டு வாங்கினார்கள்.