மாணிக்க நிறப் பொன்னீர்

மைக்கேல் ஃபாரடே என்றதும் டைனமோவே நம் நினைவுக்கு வருகிறது. தங்கத்தைச் செந்நீராக்கி ஆராய்ந்தவரும் அவரே என்பதை நம்மில் பலர் அறியோம்.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டன் அருகே நியூயிங்டனில் ஒரு கொல்லரின் மகனாக அவர் பிறந்தார். வறுமை காரணமாகப் பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களையே படித்து அறிவை வளர்த்தார். 1812-இல் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்புகளை எழுதிக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார்.

1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். 1833-இல் மற்றொரு விந்தையைக் கண்டார். சூடேற்றினால் உலோகங்களில் மின்சாரம் பாய்வது குறையும். வெள்ளி சல்பைடிலோ அது கூடியது. குறைகடத்தியின் இயல்பு முதன்முதலில் பதிவானது அப்போதுதான்.

1856-இல், மெல்லிய தங்கப் படலத்தில் ஒளி படும்போது நிகழ்வதை ஆராயத் தொடங்கினார். படலத்தைக் கழுவிய நீரில் இலேசான சிவப்பு தெரிந்தது. வீண் என்று கொட்டிவிடாமல் அதை எடுத்து வைத்தார். பின்னர் தங்கக் குளோரைடு கரைசலைப் பாஸ்பரஸால் மாற்றி, மாணிக்கம்போல் சிவந்த நீரைச் செய்தார். அது தெளிவாகவே தோன்றியது. ஆனால் ஒளிக்கற்றையைக் குவித்துச் செலுத்தியபோது, அது சென்ற பாதை நீருக்குள் பளிச்சிட்டது. தங்கம் கரையவில்லை, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதக்கிறது என்று உணர்ந்தார். சிறிது உப்பிட்டதும் சிவப்பு நீலமாயிற்று. பொருள் அதே தங்கம். துகள்கள் ஒன்றுசேர்ந்ததால் நிறம் மாறியது. 1857 பிப்ரவரி 5-ஆம் நாள் இவற்றை ராயல் சொசைட்டியில் விளக்கினார்.

அப்போது அவருக்கு வயது 65. நினைவாற்றல் குன்றி வந்தது. எனினும் ஒவ்வொரு சோதனையையும் எண்ணிட்டுக் குறிப்பேட்டில் எழுதி, பணியைத் தொடர்ந்தார். சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்த அவர், 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள் காலமானார்.

செந்நிறத்தின் காரணத்தை 1908-இல் குஸ்தாவ் மீ கணிதத்தால் விளக்கினார். 1983-இல் லூயி புரூஸ், திரவத்தில் மிதக்கும் காட்மியம் சல்பைடு என்னும் குறைகடத்தியின் நுண்துகள்கள் ஒளியை ஏற்கும் விதம், அவற்றின் அளவைப் பொறுத்து மாறுவதைக் கண்டார். அத்துறைக்கு 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீரை விரும்பும் மூலக்கூறுகளால் போர்த்தி, அத்தகைய துகள்களை நீரிலேயே மிதக்கவிடவும் இன்று முடிகிறது.

ஃபாரடேயின் பொன்னீர்ப் புட்டிகளை ராயல் இன்ஸ்டிடியூஷன் இன்றும் காத்து வருகிறது. மாணவியரே, ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிந்ததும் மிஞ்சிய நீரைக் கொட்டுமுன், நாமும் அதை ஒருமுறை உற்று நோக்குவோம்.