பத்தொன்பது மாதப் பிரதமர்

லால் பகதூர் சாஸ்திரின்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? குள்ளமான உருவம், கதர் வேட்டி. 1956-ல் அரியலூர் ரயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியை விட்டாரே, அந்தக் கதை. பெரும்பாலும் அதோடு நிறுத்திடறோம். நான் எழுத வந்தது, அவர் நாடாண்ட கதையை.

1904-ல் முகல்சராயில் பிறந்து, சின்ன வயசிலேயே தந்தையை இழந்தவர். காசி வித்யாபீடம் தந்த பட்டம்தான் 'சாஸ்திரி'. 1964 ஜூன் 9-ல் நேருவுக்குப் பின் பிரதமரானார். பத்தொன்பதே மாதம்! அதற்குள் எத்தனை சோதனை!

நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. நம்ம சி.சுப்பிரமணியத்தை உணவு மந்திரியாக்கினார். 1965-ல் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. பசுமைப் புரட்சிக்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது.

1965 ஜனவரி 26-ல் இந்தி ஆட்சிமொழி என்றதும் தமிழ்நாடு கொதித்தது. நம்மைப் போன்ற மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. தீக்குளிப்பு, துப்பாக்கிச் சூடு! சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கொடுத்தாங்க. சாஸ்திரி இறங்கி வந்தார். ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் உறுதி தந்தார். 1967-ல் அது சட்டமானது.

அதே மனிதர்தான் 1964 அக்டோபரில் சிரிமாவோவுடன் ஒப்பந்தம் போட்டார். இலங்கைத் தோட்டங்களில் உழைத்த, குடியுரிமை இல்லாத தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாமாம்! அந்த ஜனங்ககிட்ட யாரும் சம்மதம் கேட்கலை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பங்கள், இன்றும் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருக்காங்க.

1965 பாகிஸ்தான் போரில் உறுதியாக நின்றார். 1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்டில் கையெழுத்திட்டு, பிடித்த ஹாஜிபீர் கணவாயைத் திருப்பித் தர ஒப்பினார். கண்டனம் கிளம்பியது. மறுநாள் விடியுமுன்னே உயிர் பிரிந்தது.

நல்ல மனுஷர், சந்தேகமே இல்லை. ஆனாலும் யோசிச்சுப் பாருங்க. மொழிப் பிரச்சினையில் கேட்க வைக்க நமக்கு மாணவர் கூட்டம் இருந்தது, மந்திரிகள் இருந்தாங்க. தோட்டத் தொழிலாளிக்கு இரண்டு நாட்டிலும் ஓட்டுகூட இல்லை. ஆள்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. ஆளப்படுகிறவனுக்குக் குரலும் வேணும். மாணவர் சங்கம் எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில் இதுதான்!