ஆழங்கண்ட பாஸ்கால்

மழைவளங் குன்றிய திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதியிலே, பரளச்சி முதலிய ஊர்களில் வாழ்வோர்க்குக் கண்மாயே உயிர்நிலையாம். கண்மாய் நிறைந்திருக்குங்கால் மடைவழியே நீர் சீறிப் பாய்தலையும், வற்ற வற்ற அவ்வேகந் தளர்தலையும் நாம் கண்டுளோம். இதன் உட்காரணத்தைத் தெளிவுற விளக்கியவருள் தலைசிறந்தவர் பிரெஞ்சுப் பேரறிஞர் பிளேஸ் பாஸ்கால். அவர்தம் வரலாற்றைச் சுருங்க உரைப்பாம்.

பாஸ்கால் 1623-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் கிளெர்மோன் நகரிற் பிறந்தார். மூன்றாம் அகவையில் தாயை இழந்த அவருக்குத் தந்தையாரே ஆசிரியராயினார். பதினாறாம் அகவையிலேயே கூம்பின் வெட்டுக்களைப் பற்றி அரியதோர் ஆராய்ச்சி இயற்றினார். வரிக்கணக்கில் உழன்ற தந்தையாரின் சுமையைக் குறைக்கக் கருதி, 1642-இல் கணக்கிடும் பொறியொன்றை அமைக்கத் தொடங்கினார். ஆயினும் இளமை தொட்டே நோய் அவரை வருத்தியது.

இயற்கை வெற்றிடத்தை வெறுக்கின்றது என்பது அக்காலத்தார் கொள்கை. பாதரசக் குழாயைத் தாங்கி நிற்பது காற்றின் எடையே என இத்தாலியராகிய டாரிசெல்லி 1644-இல் எழுதினார். இதனை ஆய்ந்து துணிய விரும்பிய பாஸ்கால், தம் தமக்கையின் கணவராகிய பெரியேரை வேண்டிக்கொண்டார். 1648 செப்டம்பர் 19-இல் பெரியேர் பூயி தெ தோம் மலைமேல் ஏறி அளந்தார். உச்சியிற் பாதரசம் மூன்று அங்குலத்திற்கு மேல் தாழ்ந்து நின்றது. அடிவாரத்தே வைத்துக் காக்கப்பெற்ற மற்றொரு குழாயிலோ நாள் முழுதும் மாற்றமில்லை. பழங்கொள்கை தளர்ந்தது.

பின்னர், நீர்மங்களின் சமநிலை குறித்து ஒரு நூல் எழுதினார். கலத்தின் அடியில் ஓரிடத்துள்ள அழுத்தம், கலம் அகன்றதாயினும் குறுகியதாயினும், நீர்மத்தின் ஆழத்தையும் அடர்த்தியையுமே பொறுத்தது என்பது அதன் சாரம்.

இன்று ஆலைகளிலுள்ள பெருந்தொட்டிகளில் மட்டம் அளப்பதற்கும் இவ்விதியே அடிப்படை. தொட்டியின் அடியிற் பொருத்திய அழுத்தவுணரி, மேலுள்ள நீர்மத்தின் அழுத்தத்தை மின்குறியாக மாற்றி அறிவிக்கும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நீர் ஏறத்தாழ 9,800 பாஸ்கால் அழுத்தந் தரும். ஆகவே 49,000 பாஸ்கால் எனின், மட்டம் ஐந்து மீட்டர். எண்ணெயாயின் அடர்த்தி குறைவாதலின் கணக்கு மாறும். திறந்த தொட்டியிற் காற்றின் அழுத்தத்தையும், மூடிய தொட்டியில் மேலே தங்கிய வாயுவின் அழுத்தத்தையும் கழித்தே கொள்ளல் வேண்டும். மலையிற் கண்ட உண்மையும் நீரிற் கண்ட உண்மையும் ஒரு தொட்டியிலேயே கூடுகின்றன! அழுத்தத்தின் அலகிற்கு 1971-இல் அவர் பெயரே சூட்டப்பெற்றது.

இத்தகைய அறிஞர் ஏழைக் குடும்பமொன்றைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். அவர்தம் குழந்தைக்கு அம்மை கண்டபோது, அதனை வெளியேற்ற மனமின்றி, நோயுற்றிருந்த தாமே தமக்கை வீட்டிற்குப் பெயர்ந்தார். அங்கேயே 1662 ஆகஸ்டு 19-இல், முப்பத்தொன்பதாம் அகவையில் உயிர் நீத்தார். நீர்மங்களைப் பற்றிய நூல் மறு ஆண்டே அச்சேறியது.

கலத்தின் அகலம் அழுத்தத்தைக் கூட்டுவதில்லை. வாழ்நாளின் நீளமும் அத்தகையதே போலும். நண்பர்காள்! மடை திறக்கக் காணும்போதெல்லாம், ஆழங்கண்ட அவ்வறிஞரை நாம் நினைவு கூர்வோமாக.