ராமானுஜன் பெயர் வைத்த எண்கள்

ஹரோவில் எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையில் போன வாரம் ஒரு கேள்வி. ஹோம்வொர்க் பண்ணிக்கொண்டிருந்த பொண்ணு, ஒரு மணி நேரத்துக்கு ஏன் நூறு நிமிஷம் இல்லாமல் அறுபது என்று கேட்டாள். இத்தனை வருஷமா கோட் எழுதும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம்தான் ராமானுஜன் ஞாபகம் வந்தார்.

1729, பட்னி, டாக்ஸி கதை எல்லாருக்கும் தெரியும். அதை விடுங்க. கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது வேறொன்றுக்காக. ஹைலி காம்போசிட் நம்பர் என்று அவர் பெயர் வைத்த எண்கள் அவை. ஊரில் பகு எண் என்று படித்தோமே, அதிலேயே உயர்ந்த ரகம். தன்னைவிடச் சின்ன எந்த எண்ணைவிடவும் இதற்குக் காரணிகள் அதிகமாக இருக்கவேண்டும். 12-க்கு 6 காரணிகள். 11 வரை எதற்கும் அத்தனை கிடையாது. 60-க்கு 12. பெரிய எண்ணான 100-க்கோ 9 தான். பங்கு போட வசதி 60 தான். நம்ம ஊரில் ஒரு நாளைக்கு 60 நாழிகை. இங்கே 1971 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அதுவும் இந்த ரகமே, 20 காரணிகள்.

கடைக்காரர்கள் கையில் புழங்கிய இந்த எண்கள் எப்படி அமையும் என்று நிரூபித்தவர், 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து, எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். 1912-இல் மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் கிளார்க். 1914 மார்ச்சில் கப்பலேறினார். சில மாதத்தில் உலகப்போர்.

இந்த எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2, 3, 5 என்று வரிசையாக வரும், நடுவில் எதுவும் விடுபடாது. முன்னால் வருவதைவிடப் பின்னால் வருவது அதிக தடவை வராது. கடைசி எண் ஒரே தடவைதான். 4, 36 மட்டும் விதிவிலக்கு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் 6746328388800 வரை பட்டியல் போட்டார். நடுவே 293318625600 மட்டும் விட்டுப்போச்சு. எனக்கு அந்த ஒரு தப்பு ரொம்பப் பிடிக்கும்.

1915-இல் லண்டன் கணிதக் கழகம் கட்டுரையை வெளியிட்டது. மறு வருஷம் பி.ஏ. பட்டம். ஆனால் போர்க்காலப் பணமுடையில் முழுவதையும் அச்சடிக்க முடியவில்லை. 1920 ஏப்ரல் 26-இல் மெட்ராஸில் அவர் போனபோது வயது 32. மிச்சம் அவருடைய கையெழுத்துத் தாள்களிலேயே கிடந்து, 1997-இல்தான் அச்சேறியது.