இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடல... ஆனா ரெண்டு மகன்களை ஆட வெச்சார்! யார் இந்த ஏ.ஜி.ராம் சிங்?

வண்ணாரப்பேட்டையில மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கினா, பக்கத்துலயே சேப்பாக்கம் மைதானம். ஐபிஎல் வந்தா மஞ்சள் சட்டைக் கூட்டம் நிரம்பி வழியும் அதே இடத்தில்தான், 1934 நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சி கோப்பையின் முதல் போட்டி நடந்தது. அன்றைய ஹீரோ ஒரு சீக்கியர். சொந்த ஊர்? நம்ம சென்னைதான்!

சென்னையில் பிறந்த சிங்

அமிர்தசரஸ் கோவிந்த் சிங் ராம் சிங். பூர்வீக ஊர் பெயரும் அப்பா பெயரும் இனிஷியல். அப்படியே நம்ம ஊர் வழக்கம். 1910 ஜூன் 24ல் பிறந்த இவர், இடதுகை சுழற்பந்து வீச்சாளர், நல்ல பேட்ஸ்மேனும்கூட.

ஒரே நாளில் முடிந்த மேட்ச்

முதல் ரஞ்சி போட்டியில் மெட்ராஸும் மைசூரும் மோதின. மைசூர் 48 ரன்னில் ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி இறங்கிய மைசூர் 59ல் காலி. மேட்ச் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ராம் சிங் மட்டும் 11 விக்கெட். பிறகு, ரஞ்சியில் 1000 ரன், 100 விக்கெட் இரண்டையும் தொட்ட முதல் வீரரும் இவரே.

டெஸ்ட் வாய்ப்பு ஏன் வரல?

1936ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் மெட்ராஸிலிருந்து எம்.ஜே.கோபாலன், சி.ராமசாமி இருந்தார்கள். ராம் சிங் இல்லை. அப்போது அவருக்கு 26 வயது, ஃபார்மின் உச்சம்.

இன்று ஒரு தொடர் போனால் அடுத்த மாதமே இன்னொன்று. அன்று அப்படி இல்லை. 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடியதே 7 டெஸ்ட்தான். அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒரு டெஸ்ட்கூட கிடையாது. நடுவில் இரண்டாம் உலகப் போர். 1946ல் மறுபடி இங்கிலாந்து பயணம் வந்தபோதும் லிஸ்ட்டில் இவர் பெயர் இல்லை. இடதுகை சுழல் ஆல்ரவுண்டர் இடத்துக்கு வினூ மன்கட் வந்துவிட்டார். ராம் சிங்குக்கு வயது 36. கதவு மூடிவிட்டது.

வீடே கோச்சிங் கேம்ப்

அதோடு அவர் ஒதுங்கிப் போகவில்லை. பயிற்சியாளர் ஆனார். திருவல்லிக்கேணி வீட்டிலேயே நெட் பயிற்சி. பிள்ளைகளுக்கு அப்பாவும் அவர்தான், கோச்சும் அவர்தான்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1954-55ல் மெட்ராஸ் முதல்முறை ரஞ்சி கோப்பையை வென்றபோது, அந்த அணியின் முக்கிய ஆல்ரவுண்டர் மகன் கிருபால் சிங். அதே 1955 நவம்பரில் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக கிருபாலுக்கு முதல் டெஸ்ட். அப்பாவுக்குக் கிடைக்காத தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிய மகன், முதல் இன்னிங்ஸிலேயே சதம் அடித்தார். நாட் அவுட் வேற!

அடுத்து இன்னொரு மகன் மில்கா சிங். ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங் இல்லை, இவர் வேறு. 1960 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, சொந்த ஊரான சென்னையிலேயே டெஸ்டில் அறிமுகமானார். வயது 18தான். 1961ல் மும்பை டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக அண்ணன், தம்பி ரெண்டு பேரும் சேர்ந்தே ஆடினார்கள்.

பேரன் அடித்த 302

கதை அதோடு நிற்கவில்லை. 1988-89 சீசனில் கோவாவுக்கு எதிரான ரஞ்சி போட்டியில், கிருபாலின் மகன் அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302 ரன் குவித்தார். அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி.ராமன் 313. தாத்தா ராம் சிங் அப்போது உயிரோடு இருந்தார், வயது 78.

1999 ஆகஸ்ட் 11ல் சென்னையில் தன் 89வது வயதில் காலமானார். டெஸ்ட் ரெக்கார்டு புத்தகத்தில் ஆட்டக்காரராக அவர் பெயர் இல்லை. ஆனால் அதிலிருக்கும் கிருபால், மில்கா இருவரின் பெயருக்கு முன்னாலும் 'ஏ.ஜி.' இருக்கிறது. அது அப்பாவுடைய அதே இனிஷியல்.