இரைப்பையின் இயல்பு கண்ட போமாண்ட்

உண்ட உணவு இரைப்பையில் எவ்வாறு செரிக்கின்றது? அரைபட்டா, அழுகியா, சூட்டால் வெந்தா என மேனாட்டறிஞர் நெடுங்காலம் வழக்கிட்டனர். அவ்வழக்கைத் தீர்த்தவருள் தலையாயவர் மருத்துவர் வில்லியம் போமாண்ட்.

இவர் 1785ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உழவர் குடியிற் பிறந்தார். மருத்துவம் பயின்று படை மருத்துவராய் அமர்ந்தார். மாக்கினாத் தீவுக் கோட்டையில் இவர் பணியாற்றுகையில், 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், துப்பாக்கியொன்று தவறி வெடித்தது. கனடா நாட்டுப் படகோட்டியாகிய அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் விலாவும் இரைப்பையும் கிழிந்தன. பிழைத்தல் அரிதெனக் கருதியும் போமாண்ட் அவரைக் கைவிட்டாரல்லர். பின்னர்த் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார்.

புண் ஆறிற்று, இரைப்பைத் துளையோ மூடவில்லை. 1825ஆம் ஆண்டில் போமாண்ட், இறைச்சி, ரொட்டி முதலியவற்றைப் பட்டு நூலிற் கட்டி, அத்துளை வழியே உள்ளே விட்டு, வேண்டும்போது வெளியே எடுத்து ஆராய்ந்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடற்சூட்டளவில் வைத்து, அதனுள் இறைச்சியை இட்டார். அங்கும் அது கரைந்தது. செரித்தல் அந்நீரின் வேதிச்செயலே என்பதும், அதில் ஐதரோகுளோரிக் அமிலம் உண்டென்பதும், சினம் செரிமானத்தைக் கெடுக்கும் என்பதும் விளங்கின. 1833இல் இவற்றை நூலாக வெளியிட்டார்.

ஆயினும், மார்ட்டின் உற்ற துன்பம் சிறிதன்று. வறுமையால் ஊதியத்திற்கு உடன்பட்ட அவர், சலித்துப் பன்முறை நீங்கினார். போமாண்ட் 1853இல் மறைந்தார். துளையோடே வாழ்ந்த மார்ட்டின் 1880இல் இறந்தபோது, மருத்துவர் அவருடலை அறுத்து ஆராய விரும்பினர். சுற்றத்தார் இசையாது, ஆழக் குழி தோண்டிப் புதைத்தனர்.

உண்மை கண்டவரைப் போற்றுதல் நம் கடன். அதற்குத் தம் உடலைத் தந்த ஏழையை மறவாமை அதனினும் பெருங்கடன்.