தூக்க மாத்திரை தந்த எமில் ஃபிஷர்

இந்த மாதம் ஒரு விஞ்ஞானியின் வரலாற்றை எழுதுகிறேன். ஏன் இவரை எடுத்தேன்னு கடைசியில் சொல்கிறேன்.

எமில் ஃபிஷர் 1852-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் ஜெர்மனியில் பிறந்தார். அப்பா வியாபாரி. மகனும் மர வியாபாரம் பார்க்கணும்னு ஆசைப்பட்டார். ஆனால் ஃபிஷருக்கு வியாபாரம் வரவே இல்லை. அதனால் படிக்க அனுப்பினார்கள். அடால்ஃப் வான் பேயர் என்ற பேராசிரியரிடம் வேதியியல் படித்து 1874-இல் டாக்டர் பட்டம் பெற்றார். சர்க்கரைகளை ஆராய்ந்து பல உண்மைகளைக் கண்டதற்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

பேயர் 1864-இல் பார்பிட்யூரிக் அமிலத்தைச் செய்திருந்தார். அது தூக்கம் தராது. ஆனால் அதிலிருந்து வரும் பார்பிட்டால் தூக்கம் தரும் என்று 1903-இல் ஃபிஷரும் வான் மேரிங் என்ற மருத்துவரும் உலகுக்குச் சொன்னார்கள். வெரோனால் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. அதே குடும்பத்து பீனோபார்பிட்டால் வலிப்பைத் தடுக்கும் என்று 1912-இல் ஹாப்ட்மன் என்ற டாக்டர் கண்டார்.

நல்ல மருந்துதான், ஆபத்தும் உண்டு. தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும். மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். நாளாக நாளாக உடம்பு அதற்கு அடிமையாகிவிடும். அதனால்தான் இப்போது தூக்கத்துக்கு இதை அதிகம் கொடுப்பதில்லை.

ஃபிஷரின் கடைசிக் காலம் சோகமானது. ஆய்வுக்கூட ரசாயனங்கள் அவர் உடம்பைக் கெடுத்தன. மூன்று மகன்களில் இருவர் முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்தனர். 1919-இல் அவரும் மறைந்தார்.

இப்போது காரணம் சொல்கிறேன். என் தம்பிக்கு வலிப்பு உண்டு. அவன் சாப்பிடுவது இந்த பீனோபார்பிட்டால்தான். ஒரு வருஷம் வலிப்பே வரலை. சரியாயிடுச்சுன்னு அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க. மூணாம் நாள் ராத்திரி நிற்காமல் வந்தது. எல்லாரும் கையில் சாவியைக் கொடுத்தார்கள், நிற்கலை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் வரும் என்று டாக்டர் சொன்னார். இப்போது தினமும் நான்தான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறேன்.

தோழர்களே, டாக்டர் சொல்லாமல் மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி